பாட்டுக்குள் எத்தனை பேர்?



ராக் இசை கேட்பவர்கள் இரண்டு பேர் ஓரிடத்தில் உட்கார்ந்தால் இந்தச் சண்டை வந்தே தீரும். "ஆல்பத்தில் வந்ததை விடு. அதற்கு முன்னால் வீட்டில் பதிந்த டெமோ இருக்கிறதே, அதைக் கேள். அதில்தான் உயிர் இருக்கிறது" என்பார் ஒருவர். "அரைகுறையாகப் பதிந்து அலமாரியில் போட்டதையெல்லாம் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு ஆடாதே" என்பார் மற்றவர். கொஞ்ச காலமாகவே முதலாமவர் கட்சிக்கு ஆள்பலம் அதிகம். கரடுமுரடாக இருந்தால் நேர்மை, மெருகேற்றினால் வியாபாரம் என்று ஒரு கணக்கு நம் மனத்தில் ஊறிப்போயிருக்கிறது. எனக்கு அந்தக் கணக்கு ஒத்துவருவதில்லை. ஒரு பாட்டு நேர்மையாக இருக்கிறதா என்று கேட்பதைவிட, அதற்குள் எத்தனை பேர் இருக்கிறார்கள், எத்தனை பேர் இருக்க வேண்டும் என்று கேட்டால் பல முடிச்சுகள் அவிழும். சில பதிவுகளை வைத்து அதைச் சொல்லிப் பார்க்கிறேன்.

1982 ஜனவரித் தொடக்கம். நியூ ஜெர்சியில் கோல்ட்ஸ் நெக் என்ற ஊரில் ஒரு வாடகை வீடு. படுக்கையறையில் ஆரஞ்சு நிறத்தில் சடைசடையாக ஒரு தரைவிரிப்பு. ப்ரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனுக்கு அப்போது 32 வயது. 'தி ரிவர்' என்ற இரட்டை ஆல்பம் விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்திருந்தது. அதற்காக ஏறக்குறைய ஓராண்டு ஊர் ஊராகக் கச்சேரி செய்து முடித்துவிட்டு வந்திருந்தார். அவரை ஒரு விஷயம் உறுத்திக்கொண்டிருந்தது: பணம். நியூயார்க்கின் பவர் ஸ்டேஷன் ஒலிப்பதிவுக் கூடத்தில் மாதக்கணக்கில் உட்கார்ந்து, அங்கேயே எழுதி, அங்கேயே திருத்தி, அங்கேயே மனம் மாறி, வாடகை ஏறிக்கொண்டே போனது. இந்த முறை பாட்டுகளை வீட்டிலேயே பதிந்து பார்ப்போம், தேறுவதை மட்டும் கூடத்துக்குக் கொண்டுபோவோம் என்று நினைத்தார். ஆக, இந்தக் கதையின் தொடக்கத்தில் புனிதமான நோக்கம் எதுவும் இல்லை. சிக்கனம்தான்.

தன் கித்தார்களைப் பார்த்துக்கொள்ளும் உதவியாளரிடம் ஒரு பதிவுக் கருவி வாங்கிவரச் சொன்னார். வந்தது டீயாக் நிறுவனத்தின் போர்ட்டாஸ்டூடியோ 144. 1979-ல் சந்தைக்கு வந்த கருவி. வீட்டு டேப் ரெக்கார்டரில் போடும் அதே கேசட்டில் நான்கு ட்ராக்குகளைத் தனித்தனியாகப் பதியலாம் என்பது அதன் சிறப்பு. கூடவே இரண்டு ஷூர் எஸ்.எம்.57 மைக்குகள். ஒன்று வாய்க்கு, ஒன்று கித்தாருக்கு. பாடியபடியே வாசித்து இரண்டு ட்ராக்குகளில் பதிந்தார். மிச்சமிருந்த இரண்டில் ஹார்மோனிகா, இரண்டாம் குரல், மாண்டலின் என்று தேவைப்பட்டதைச் சேர்த்தார். பிறகு நான்கையும் ஒன்றாக்கி இன்னொரு கேசட்டில் இறக்க, வீட்டில் கிடந்த ஒரு பானசோனிக் பூம்பாக்ஸ். ஒருமுறை தண்ணீரில் விழுந்து, செத்துப் பிழைத்த பெட்டி அது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அப்படி இறக்கும்போது நடுவில் எக்கோப்ளெக்ஸ் என்ற எதிரொலிக் கருவியைச் செருகினார். குரலைச் சுற்றிக் காலி வீட்டின் முழக்கம் போல ஒன்று கேட்கிறதே, அது அந்தப் படுக்கையறையின் முழக்கம் இல்லை. சடைவிரிப்பு போட்ட சின்ன அறையில் எங்கே எதிரொலிக்கும்? 1950-களின் ராக் அண்ட் ரோல் தட்டுகளில் கேட்கும் ஒலி அது, வேண்டுமென்றே பூசியது. உலகமே பச்சையான பதிவு என்று கொண்டாடும் கேசட்டிலும் மெருகு இருக்கிறது. அதைப் பூசியவர் கைக்கெட்டிய கருவியால் பூசினார், அவ்வளவுதான்.

அந்தக் கேசட்டை உறைகூடப் போடாமல் கால்சட்டைப் பையில் செருகிக்கொண்டு சில வாரங்கள் திரிந்தார். ஏப்ரல் வாக்கில் இ ஸ்ட்ரீட் பேண்ட் என்ற தன் குழுவோடு பவர் ஸ்டேஷனுக்குப் போனார். குழுவினர் எல்லாம் பழம் தின்று கொட்டை போட்டவர்கள். பாட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து வாசித்தார்கள். ஒலி பெரிதானது, பாட்டு சின்னதானது. தனியாக, நல்ல கூடத்தில், நல்ல மைக்கில் பாடியும் பார்த்தார். அதுவும் சரிப்படவில்லை. கடைசியில் பையில் கிடந்த அந்தக் கேசட்டையே ஆல்பமாகப் போட்டுவிடலாம் என்ற முடிவுக்கு வந்தார்கள்.

ஏன் சரிப்படவில்லை? வாசிப்பில் குறை இருந்திருக்காது. அந்தப் பாட்டுகளில் பேசுகிறவர்கள் யார் என்று பாருங்கள். தலைப்புப் பாட்டான 'நெப்ராஸ்கா'வில் பேசுகிறவன் சார்ல்ஸ் ஸ்டார்க்வெதர். 1957 கடைசியிலும் 1958 ஜனவரியிலுமாகப் பதினொரு பேரைக் கொன்று, 1959-ல் மின்சார நாற்காலியில் செத்தவன். டெரன்ஸ் மாலிக் 1973-ல் எடுத்த 'பேட்லேண்ட்ஸ்' படத்துக்கு அவன் கதைதான் மூலம். ஸ்பிரிங்ஸ்டீன் அந்தப் படத்தைப் பார்த்த பிறகுதான் எழுதினார். அடுத்த பாட்டுகளில் வேலை போய்ச் சுட்டுவிட்டவன் ஒருவன். குற்றவாளித் தம்பியைத் தப்பவிட்ட போலீஸ்காரர் ஒருவர். நள்ளிரவில் வண்டி ஓட்டிக்கொண்டு, போலீஸ் தன்னை நிறுத்திவிடக் கூடாதே என்று பிரார்த்தித்துக்கொண்டு போகிறவன் ஒருவன். இவர்கள் யாருக்கும் பேச்சுத்துணைக்கு ஆளில்லை. அதுதான் இவர்கள் சங்கடமே. பின்னால் ட்ரம்ஸ் வந்து உட்கார்ந்ததும் துணை வந்துவிடுகிறது. ஐந்தாறு நண்பர்கள் தாளம் போட, ஒருவன் தன் தனிமையைப் பற்றிப் பாடினால் எப்படி இருக்கும்? நம்ப முடியாது. கேசட்டில் இருந்த ஒலி அந்த மனிதர்களுக்கு அளவெடுத்துத் தைத்தது போல அமைந்துவிட்டது.

முடிவெடுத்ததோடு தலைவலி தீரவில்லை. கேசட்டில் ஒலி அளவு குறைவு, இரைச்சல் அதிகம். அதை வினைல் தட்டில் வெட்டும்போது ஊசி தடுமாறியது. பல இடங்களில் முயன்று பார்த்தார்கள். ஒரு கட்டத்தில், தட்டே வேண்டாம், கேசட்டாக மட்டும் விற்றுவிடலாமா என்றுகூட யோசித்தார்கள். 1982 செப்டம்பர் 30 அன்று ஒருவழியாக ஆல்பம் வெளிவந்தது. கச்சேரிச் சுற்றுப்பயணம் கிடையாது. அப்படியிருந்தும் அமெரிக்கப் பட்டியலில் மூன்றாம் இடம் வரை ஏறியது.

இதோடு நிறுத்தினால் டெமோ கட்சி ஜெயித்துவிட்டதாக ஆகிவிடும். ஆனால் அதே கேசட்டில், அதே அறையில், அதே எக்கோப்ளெக்ஸ் பூச்சோடு இன்னொரு பாட்டும் இருந்தது. 'பார்ன் இன் தி யு.எஸ்.ஏ.' அந்தத் தனிக்குரல் வடிவம் 1998-ல் 'ட்ராக்ஸ்' தொகுப்பில் வெளிவந்தது, கேட்டிருப்பீர்கள். வியட்நாமிலிருந்து திரும்பியவன் மூலையில் உட்கார்ந்து புலம்புகிறான். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரே திசையில் போகிறது. முதல் வரியில் தெரிந்துவிடும் விஷயம் கடைசி வரியிலும் அப்படியேதான் இருக்கிறது.

இதைக் குழுவோடு பவர் ஸ்டேஷனில் வாசித்தபோது நடந்தது வேறு. ராய் பிட்டன் சிந்தசைசரில் ஒரே சுரக்கோர்வையைத் திரும்பத் திரும்ப வாசிக்க, மேக்ஸ் வைன்பெர்க் ட்ரம்ஸில் இறங்கி அடிக்க, பாட்டுக்குள் இரண்டு தரப்புகள் வந்துவிட்டன. சரணங்களில் தோற்றுப்போன ஒரு ஆள். பல்லவியில் ஒரு தேசமே மார்தட்டிக் கத்துகிறது. அந்த ஆள் அந்தக் கூச்சலுக்குள் மாட்டிக்கொண்டிருக்கிறான். டெமோவில் இந்த மோதலே கிடையாது. இன்னொரு வேடிக்கை: பின்னால் அதே பெயரில் வந்த ஆல்பத்தில் இருக்கும் அந்தப் பதிவு, குழு முழுதும் சேர்ந்து நேரடியாக வாசித்த ஆரம்ப டேக்குகளில் ஒன்று. மாதக்கணக்கில் இழைத்துச் செதுக்கியது அல்ல. நாம் மெருகு என்று சொல்வதில் பெரும்பங்கு பிறகு பாப் கிளியர்மவுண்டன் மிக்சிங்கில் அந்த ட்ரம்ஸைப் பூதாகரமாக்கியதில் இருக்கிறது. சரக்கு பச்சை, சமையல் பெரிது.

அந்தப் பெரிய ஒலிக்கு ஒரு விலையும் உண்டு. பல்லவியை மட்டும் கேட்டவர்கள் அதை நாட்டுப்பற்றுப் பாட்டு என்று நினைத்தார்கள். 1984 செப்டம்பரில் ஜனாதிபதி ரீகன், நியூ ஜெர்சியின் ஹாமன்டன் ஊரில் பேசிய தேர்தல் கூட்டத்தில், நம்பிக்கையூட்டும் பாட்டுகளைத் தருகிறவர் என்று ஸ்பிரிங்ஸ்டீன் பெயரை இழுத்தார். இரண்டு மூன்று நாள் கழித்துப் பிட்ஸ்பர்க் மேடையில், ஜனாதிபதிக்குப் பிடித்தது என் எந்த ஆல்பமாக இருக்கும், 'நெப்ராஸ்கா'வாக இருக்காது என்று பொருள்படச் சொல்லிவிட்டு, வேலை போனவனின் பாட்டான 'ஜானி 99'-ஐ ஸ்பிரிங்ஸ்டீன் எடுத்தார். கேசட் ஆல்பத்தை வைத்து ஸ்டேடியம் ஆல்பத்துக்குப் பதில் சொன்னார் என்று வைத்துக்கொள்ளலாம். இருந்தாலும் என் காதுக்கு, 'பார்ன் இன் தி யு.எஸ்.ஏ.' பாட்டு குழுவோடு கேட்கத்தான் முழுமையாக இருக்கிறது. தப்பாகப் புரிந்துகொள்ள இடம் கொடுக்கிறது என்பதே அதில் இருக்கும் மோதலுக்கு அத்தாட்சி.

மெருகு பாட்டைக் கெடுத்ததற்கு எல்லோரும் காட்டும் சாட்சி, பீட்டில்ஸின் 'தி லாங் அண்ட் வைண்டிங் ரோடு'. 1969 ஜனவரி 26 அன்று லண்டன் சேவில் ரோவில், ஆப்பிள் கட்டடத்து நிலவறையில் பதிந்தது. பால் மெக்கார்ட்னி பியானோ, குரல். ஜான் லெனன் பேஸ் வாசித்தார். அது அவர் வழக்கமான கருவி இல்லை, இடறல்கள் காதில் விழும். பதிவு ஒரு வருஷத்துக்கு மேல் கிடப்பில் கிடந்தது. 1970 ஏப்ரல் 1 அன்று தயாரிப்பாளர் ஃபில் ஸ்பெக்டர் அதை அபே ரோடு கூடத்துக்கு எடுத்துப்போய், வயலின் வரிசை, செல்லோ, ட்ரம்பெட், ட்ராம்போன், ஹார்ப், போதாததற்குப் பதினான்கு பெண் குரல்கள் என்று ஒரு கல்யாண மண்டபத்தையே உள்ளே நிரப்பினார். பீட்டில்ஸில் அன்று அங்கே இருந்தவர் ரிங்கோ ஒருவர்தான். மெக்கார்ட்னிக்குத் தெரியாமல் நடந்த வேலை. அவர் கொதித்துப்போய், ஹார்ப்பை எடுங்கள், குரல்களையும் வாத்தியங்களையும் குறையுங்கள் என்று கடிதம் எழுதினார். பலிக்கவில்லை. பின்னால் கூட்டாண்மையைக் கலைக்க நீதிமன்றம் போனபோது இதையும் ஒரு காரணமாக வைத்தார்.

தனியாக நடந்துபோகும் ஒருவனின் பாட்டு. அதற்குள் இத்தனை பேர் எதற்கு என்று கேட்டால் எனக்கும் பதில் தெரியாது. ஆனால் கதை அங்கே முடியவில்லை. மெக்கார்ட்னி வெறுத்த அந்த வடிவம்தான் அமெரிக்காவில் பீட்டில்ஸின் கடைசி முதலிடப் பாட்டு. 2003-ல் ஸ்பெக்டரின் பூச்சைச் சுரண்டி எடுத்து 'லெட் இட் பி... நேக்கட்' என்று ஆல்பத்தை மறுபடி வெளியிட்டார்கள். பெயரில்தான் நிர்வாணம். இந்தப் பாட்டுக்கு அதில் இருப்பது வேறொரு நாளின் டேக், ஜனவரி 31-ல் வாசித்தது. கணினியில் வைத்து ஒட்டி வெட்டித் துடைத்து எடுத்த ஆல்பம் அது. மெக்கார்ட்னியே 1984-ல் அந்தப் பாட்டைத் தன் படத்துக்காகப் புதிதாகப் பதிந்தபோது சாக்ஸபோனைச் சேர்த்துக்கொண்டார். ஆக, சேர்மானமே கூடாது என்பது அவர் வாதம் இல்லை போலிருக்கிறது. என் வீட்டில் என்னைக் கேட்காமல் விருந்தாளிகளை யார் கூப்பிட்டது என்பதுதான் வழக்கு.

இடையில் சந்தையைப் பற்றியும் ஒரு வார்த்தை. வெல்வெட் அண்டர்கிரவுண்ட் 1966 ஏப்ரலில் நியூயார்க்கின் செப்டர் கூடத்தில் பதிந்ததை ஒரு அசிடேட் தட்டில் வெட்டி, கொலம்பியா நிறுவனத்துக்கு அனுப்பினார்கள். வேண்டாம் என்று பதில் வந்தது. அந்தத் தட்டு 2002-ல் நியூயார்க் நடைபாதைச் சந்தையில் 75 சென்ட்டுக்குக் கிடைத்தது. 2006-ல் இணைய ஏலத்தில் 25,000 டாலருக்கு மேல் போனது. பாப் டிலனின் 'பூட்லெக்' வரிசை 1991-ல் தொடங்கி வெளிவந்துகொண்டே இருக்கிறது. பச்சையான பதிவு வியாபாரத்துக்கு எதிரானது என்று இன்னும் நம்புகிறவர்கள், அந்தப் பெட்டித் தொகுப்புகளின் விலைச் சீட்டைத் திருப்பிப் பார்க்கலாம்.

டிலன் பெயர் வந்துவிட்டது. 'பிளட் ஆன் தி ட்ராக்ஸ்' விவகாரம்தான் இந்தத் தலைப்பில் எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் அதில் தீர்ப்பு சொல்வது கஷ்டம். 1974 செப்டம்பரில் நியூயார்க்கின் ஏ அண்ட் ஆர் கூடத்தில் பத்துப் பாட்டுகளையும் பதிந்துவிட்டார். பெரும்பாலும் கித்தார், ஹார்மோனிகா, டோனி பிரவுனின் பேஸ், அவ்வளவே. சில டேக்குகளில் டிக் டிக் என்று ஒரு சத்தம் கூடவே வரும். தாள வாத்தியம் என்று முதலில் தோன்றும். டிலன் போட்டிருந்த மேல்சட்டையின் பொத்தான்கள் கித்தார் உடம்பில் இடிக்கிற சத்தம் அது. யாரும் சட்டையைக் கழற்றச் சொல்லவில்லை, அவரும் கழற்றவில்லை. சோதனைத் தட்டும் அச்சாகி, அட்டையும் அச்சாகிவிட்டது.

டிசம்பரில் மின்னசோட்டாவில் தம்பி வீட்டுக்குப் போனவருக்கு மனம் மாறியது. மினியாபோலிஸின் சவுண்ட் 80 கூடத்தில், தம்பி திரட்டிக் கொடுத்த உள்ளூர்க் கலைஞர்களோடு இரண்டே அமர்வுகளில் ஐந்து பாட்டுகளை மறுபடி பதிந்தார். அட்டை முன்பே அச்சாகிவிட்டதால் அந்தக் கலைஞர்களின் பெயர் அதில் இல்லை. அவர்களில் ஒருவரான கெவின் ஓடகார்ட் பிறகு எழுதியிருக்கிறார்: 'டேங்கிள்ட் அப் இன் ப்ளூ'வை டிலன் ஜி சுருதியில் எடுத்தார், எனக்குச் சப்பென்று இருந்தது, ஏ-க்கு ஏற்றலாம் என்றேன், ஏற்றினார். முழுதாக ஒரு சுரம். அந்த உயரத்துக்குக் குரலை எட்டிப் பிடிக்க வேண்டியிருப்பதில் வருகிற ஓட்டம் இருக்கிறதே, அதுதான் இன்று நாம் அறிந்த அந்தப் பாட்டு. ஊர் பேர் தெரியாத ஒருவர் வாய் திறந்து சொன்னதால் வந்தது. நியூயார்க் டேக்கில் ஒருவர் தனக்குத்தானே நினைவுபடுத்திக்கொள்கிறார். மினியாபோலிஸ் டேக்கில் நான்கு பேரிடம் கதை சொல்கிறார். இந்தப் பாட்டுக்கு மினியாபோலிஸ்தான் என்பேன். ஆனால் 'இடியட் விண்ட்' பாட்டுக்கு நியூயார்க். ஆல்பத்தில் வந்தது காறித் துப்புகிறது. நியூயார்க் டேக் அதே வசவை முணுமுணுக்கிறது, அதனால் அதிகம் வலிக்கிறது. ஒரே மனிதர், ஒரே மாதிரியான மாற்றம், ஒரு பாட்டில் லாபம், ஒன்றில் நஷ்டம்.

டெமோ என்றால் கரடுமுரடு என்ற நினைப்பை உடைக்க வேண்டுமானால் பாஸ்டன் குழுவின் 1976 ஆல்பம் போதும். டாம் ஷோல்ஸ் எம்.ஐ.டி.யில் படித்துவிட்டு போலராய்டில் வேலை பார்த்த இன்ஜினியர். மாசசூசெட்ஸில் தன் வீட்டு நிலவறையில் கித்தார்களை அடுக்கடுக்காகப் பதிந்து டெமோ அனுப்பினார். பிடித்துப்போன நிறுவனம், இதையே நல்ல கூடத்தில் மறுபடி பதியுங்கள் என்றது. குழுவின் மற்றவர்கள் தயாரிப்பாளரோடு லாஸ் ஏஞ்சலிஸ் போய்ப் போக்குக் காட்டினார்கள். ஷோல்ஸ் மறுபடி நிலவறையில் இறங்கி, பெரும்பகுதியை அங்கேயே முடித்தார். கண்ணாடி மாதிரி பளபளக்கும் ஆல்பம், ஒரு கோடிக்கு மேல் விற்றது. ஒற்றை ஆள் ஒரு கூட்டமாக ஆகியிருந்தார்.

நிர்வாணா பற்றிச் சொல்லாமல் விட்டால் இங்கே இருக்கும் இளைஞர்கள் என்னைச் சும்மா விடமாட்டார்கள். 1991-ல் வந்த 'நெவர்மைண்ட்' மிகவும் மெருகேறிவிட்டது என்று குழுவின் பாடகர் கர்ட் கோபேனே பிறகு குறைப்பட்டார். ஆனால் மிக்சிங்குக்கு ஆண்டி வாலஸைத் தேர்ந்தெடுத்தவரும் அவரே. மிக்சிங் செய்பவர்களின் பட்டியலில் அந்தப் பெயருக்குப் பக்கத்தில் ஸ்லேயர் என்ற மெட்டல் குழுவின் பெயர் இருந்ததாம். ஒரே வரியை இரண்டு முறை பாடி அடுக்க மறுத்தபோது, ஜான் லெனனும் இப்படித்தான் செய்தார் என்று தயாரிப்பாளர் புட்ச் விக் சொன்னதும் பாடிவிட்டார். அந்த ஆல்பத்தில் 'பாலி' பாட்டை மட்டும் லாஸ் ஏஞ்சலிஸ் பக்கம் புதிதாகப் பதியவில்லை. 1990 ஏப்ரலில் மேடிசன் நகரில் விக்கின் ஸ்மார்ட் கூடத்தில், அடகுக் கடையில் வாங்கிய மலிவுக் கித்தாரில் வாசித்ததையே வைத்துக்கொண்டார்கள். நடுவில் கேட்கும் சிம்பல் அடிகூட பழைய ட்ரம்மர் சாட் சானிங்குடையது. அந்தப் பாட்டில் பேசுகிறவன் யார்? ஒரு சிறுமியைக் கடத்தி வைத்திருப்பவன். 1987-ல் டகோமாவில் நடந்த குற்றம் அதற்கு மூலம். 'நெப்ராஸ்கா'வின் கொலைகாரனும் இவனும் ஒரே அறைக்காரர்கள். உள்ளே கூட்டம் சேர்த்தால் இருவருமே தப்பிவிடுவார்கள்.

பி.ஜே. ஹார்வி இன்னும் தெளிவாகக் காட்டுகிறார். 1993-ல் ஸ்டீவ் அல்பினி பதிந்த 'ரிட் ஆஃப் மீ' வந்து சில மாதங்களிலேயே, அதே பாட்டுகள் பலவற்றின் வீட்டுப் பதிவுகளை '4-ட்ராக் டெமோஸ்' என்று வெளியிட்டார். தலைப்புப் பாட்டில் மேல் சுருதியில் குறுக்கிடும் ஒரு குரல் உண்டு. ஆல்பத்தில் அதைப் பாடுவது ட்ரம்மர் ராப் எல்லிஸ். வீட்டுப் பதிவில் இரண்டு குரலும் ஹார்வியுடையது. ஆல்பத்தில் கேட்பது இரண்டு பேர் மல்லுக்கட்டுவது. வீட்டில் பதிந்தது ஒரே பெண் தன்னோடு மல்லுக்கட்டுவது. இரண்டாவதைத் தனியாகக் கேட்கக் கொஞ்சம் பயமாகத்தான் இருக்கும்.

கடைசியாக, நெடுங்காலம் வதந்தியாக இருந்த ஒன்று. 1982-ல் ஸ்பிரிங்ஸ்டீன் குழுவோடு வாசித்துக் கைவிட்ட 'எலெக்ட்ரிக் நெப்ராஸ்கா' பதிவுகள் 2025 அக்டோபரில் வெளிவந்துவிட்டன. தலைப்புப் பாட்டு அதில் எடுபடவில்லை. ஸ்டார்க்வெதருக்குத் துணைக்கு ஆள் வந்து நிற்கிறது. ஆனால் 'அட்லாண்டிக் சிட்டி' எனக்கு நன்றாகவே இருக்கிறது. காரணம் பாட்டிலேயே உண்டு: அதில் வருகிறவன் தன் காதலியிடம் பேசுகிறான், கிளம்பிவா என்கிறான், ஊர் நிறைய ஆட்கள். 1984 முதல் மேடையில் இதைக் குழுவோடும் வாசித்துவருகிறார்கள், நன்றாகவே நிற்கிறது.

அந்தப் பாட்டை இப்போது இரண்டு வடிவிலும் போடப் போகிறோம், முதலில் கேசட், அப்புறம் குழு. கேசட்டில் ஒலி அளவு குறைவு என்று சொன்னேன் அல்லவா, அதற்காக நண்பர் சத்தத்தை ஏற்றி வைத்திருக்கிறார். குழு தொடங்கும்போது அவர் குறைக்க மறந்தால் முன்வரிசையில் இருப்பவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.